மருந்தடிக்க அடிக்கப் புகையான் பெருகுவது ஏன்?

கேள்வி: நெல் நட்டு 65 நாள் ஆகிறது. 30ஆம் நாளில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு லாம்டா சைஹாலோத்ரின் அடித்தேன். பிறகு புகையான் வந்தது, இரண்டு முறை மருந்தடித்தும் பத்து நாளில் முன்பைவிட அதிகமாக வருகிறது. மருந்தே அடிக்காத பக்கத்து வயலில் பயிர் பச்சையாக நிற்கிறது. மருந்து போலியா?

பதில்: மருந்தைச் சந்தேகிக்க வேண்டாம். அது கொன்றிருக்கிறது. ஆனால் புகையானைத் தின்பவற்றைத்தான் அதிகம் கொன்றிருக்கிறது.

தூரின் அடியில் சாறு உறிஞ்சும் சிறு தத்துப்பூச்சியான புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் கீறிச் செருகி வைக்கும். தெளித்த மருந்து அங்கே எட்டாது. அந்த முட்டைகள் 7 முதல் 9 நாளில் பொரிக்கும். நீங்கள் பத்தாம் நாள் பார்த்த கூட்டம் அதுதான். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக அதற்கு ஒரு மாதமே போதும், ஒரு பெண் 100 முதல் 300 முட்டை வரை இடும். ஓநாய்ச் சிலந்தி அப்படியல்ல. அது தூரின் அடியிலும் நீர்ப்பரப்பிலும் வெளிப்படையாக ஓடித் திரிவதால் மருந்து நேரே படுகிறது, மறுபடி பெருகவும் மாதங்கள் ஆகின்றன. இலையுறைக்குள் இருக்கும் முட்டையையே குத்தி உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் அதே தெளிப்பில் போய்விடும். இரை சீக்கிரம் மீள்கிறது, வேட்டையாடி மீளவில்லை. போதாததற்கு, சாகாத அளவில் சில பைரித்ராய்டு வகை மருந்துகள் (நீங்கள் அடித்த லாம்டா சைஹாலோத்ரினும் இந்த வகைதான்) பட்ட புகையான் வழக்கத்தைவிட அதிகமாக முட்டையிடுகிறது.

முதல் தவறு 30ஆம் நாள் தெளிப்பு. அந்த வயதில் இலைச்சுருட்டுப் புழு தின்ற இலையைப் பயிர் புதுத் தூர் விட்டு ஈடுசெய்துகொள்ளும். இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததும் இப்படித் தெளித்துப் பெருகிய புகையானால்தான்.

இப்போது செய்ய வேண்டியது: யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து மிகுந்த பயிரில் புகையான் கூடுதல் முட்டை இடும். தண்ணீரை வடித்து 3, 4 நாள் அடியைக் காயவிடுங்கள், மண் வெடிக்கும் அளவுக்கு வேண்டாம். பிறகு எண்ணுங்கள். குறுக்காக நடந்து 20 குத்துகளை (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்துகளை) சாய்த்துத் தட்டி, விழும் புகையானையும் சிலந்தியையும் தனித்தனியே குறியுங்கள். சிலந்தி இல்லையென்றால் தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, 1 புகையான் எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அதாவது 15 தூர் உள்ள குத்தில், சிலந்தி இருந்தால் 30 புகையான் வரை மருந்து தேவையில்லை. சிலந்தியை எண்ணாமல் புகையானை மட்டும் எண்ணுவதில் பயனில்லை.

எல்லை தாண்டியிருந்தால் பைமெட்ரோசின் 50 சதம் குருணை மருந்தை ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து அடியுங்கள். இது சாறு உறிஞ்சுவதை நிறுத்திப் பட்டினியில் கொல்லும், சிலந்திக்குப் பெரிய கேடில்லை. சாக இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் மறுநாளே பூச்சி நிற்கிறதே என்று இன்னொன்றை அடித்துவிட வேண்டாம். பயிரைப் பிரித்து, தெளிப்பான் முனையைத் தூரின் அடிக்குக் கொண்டுபோய் அடிக்க வேண்டும். மேலே இலை நனைந்து பயனில்லை, புகையான் அங்கே இல்லை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளைத் தொடவே வேண்டாம். இமிடாகுளோபிரிடுக்குப் பல இடங்களில் புகையான் எதிர்ப்பு வளர்த்துவிட்டது.

அடுத்த பட்டத்துக்கு: நடவின்போது 8 அடிக்கு ஒரு அடி இடைவெளி விடுங்கள், காற்றும் வெயிலும் அடிவரை போகும். யூரியாவை மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். தொழுஉரம் இடுங்கள். இது பலர் கவனிக்காத விஷயம்: மட்கும் பொருளில் வளரும் வில்வால் பூச்சிகளும் கடிக்காத சிறு ஈக்களும் பயிருக்குத் தீங்கு செய்யாதவை. புகையான் வருமுன்பே அவைதான் சிலந்திகளுக்கு உணவு. முதல் 40 நாள் மருந்தில்லாமல் விட்டால், புகையான் இறங்கும்போது சிலந்திகள் பெருகித் தயாராக இருக்கும். வரப்பில் எள், தட்டைப்பயறு விதையுங்கள். புகையானின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் குளவிகளுக்கு அவற்றின் பூந்தேன் ஆகாரம். நடவுக்குப் பின் வைக்கோல் கட்டுகளை வயலில் ஆங்காங்கே நிறுத்தினால் பகலில் சிலந்திகள் அதற்குள் தங்கும்.