பெருசா இன்ஜின் இல்லாம வாயேஜர் 2 விண்கலம் எப்படி நெப்டியூன் வரைக்கும் போச்சு?

இதுக்குப் பேரு ஈர்ப்பு உதவி, அதாவது வழியில இருக்குற ஒரு கிரகத்தோட வேகத்துல கொஞ்சத்தை வாங்கிக்கிட்டு போறது.

1977 ஆகஸ்ட்ல கிளம்பின வாயேஜர் 2, 1979ல வியாழன், 1981ல சனி, 1986ல யுரேனஸ், 1989ல நெப்டியூன்னு நாலையும் பார்த்துச்சு. நேரா நெப்டியூனுக்கு போயிருந்தா சுமார் 30 வருஷம் ஆகியிருக்கும், இது 12 வருஷத்துல முடிஞ்சது. அந்த நாலு கிரகமும் இப்படி தோதா அமையறது சுமார் 176 வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதை கணக்குப் போட்டு சரியா பிடிச்சாங்க பாருங்க, எனக்கு இன்னைக்கும் அதை நினைச்சா சிலிர்க்குது.

சரி, வேகம் எப்படி கூடுது? கிரிக்கெட்ல பந்து சும்மா நிக்கிற பேட்ல பட்டா மெதுவா திரும்பும், அதே பேட்டை வீசினா பவுண்டரிக்கு பறக்கும்ல, அந்த மாதிரிதான். வியாழன் சூரியனை நொடிக்கு சுமார் 13 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, அதுக்கு பின்னாடி பக்கமா விண்கலம் வளைஞ்சு போறப்ப அந்த ஓட்டத்துல கொஞ்சம் இதுக்கு வந்துடும். இங்க தொடவே தேவையில்லை, ஈர்ப்பே பேட் வேலையை செஞ்சிடுது. வியாழனுக்கும் துளி வேகம் குறையும், ஆனா அது அளக்கவே முடியாத அளவு சின்னது.

நிறைய பேரு கிரகம் இழுக்குறதாலயே வேகம் கூடுதுன்னு நினைக்கிறாங்க, அது தப்பு, கிட்ட போறப்ப இழுவையில கூடுறது விலகிப் போறப்ப அப்படியே குறைஞ்சிடும், மிச்சம் நிக்கிறது கிரகம் ஓடுறதால கிடைச்சது மட்டும்தான்.