கேளுங்க சொல்றோம்: வாஷிங்டன் மூஞ்சி போட்ட நாற்காலி

பையன் அமெரிக்காவுல கனெக்டிகட்ல இருக்கானுங்க. பழைய சாமான் சந்தையில ஒரு கறுப்பு நாற்காலி வாங்கி கப்பல்ல அனுப்பிட்டான். சாயற பலகையில ஜார்ஜ் வாஷிங்டன் மூஞ்சி, சுத்தியும் தங்கக் கலர்ல பழம், இலை. வூட்டுக்காரரு பெயிண்ட சுரண்டிட்டு பாலீஷ் போடலாம்ங்கறாரு. இது வாஷிங்டன் காலத்துதாங்களா?
– வாசகி, கோபி

அய்யோ அக்கா, சுரண்டற வேலை மட்டும் வேண்டாமுங்க! இந்த மாதிரி நாற்காலியில மரம் சும்மா மேப்பிள், பிர்ச்னு சாதாரண மரந்தான், அதை மறைச்சு ஈட்டி மரமாட்டம் காட்டத்தான் செவப்பு மேல கறுப்ப இழுத்து வெச்சாங்க, அப்புறம் வார்னிஷ் பாதி காஞ்சு பிசுபிசுன்னு இருக்கறப்பவே மேல அச்சு அட்டைய வெச்சு பித்தளைப் பொடிய ஒத்தி ஒத்தி எடுத்தா அந்தப் பழமும் இலையும் வந்துரும். பெயிண்ட் போச்சுன்னா எல்லாம் போச்சு. பழைய பெயிண்ட்ல ஈயம் வேற இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அந்தத் தூசி மூக்குக்குள்ளதான் போகும்.

காலம்னு பார்த்தா, மூஞ்சிய நம்பாதீங்க. வாஷிங்டன் செத்தது 1799ல, ஆனா 1876ல சுதந்திர நூற்றாண்டு, 1932ல அவரோட 200வது பிறந்தநாள்னு அவரு படத்த போட்டுத் தள்ளிட்டாங்க. சீட்டோட பின் ஓரத்துல எழுத்து இருக்கான்னு பாருங்க. கனெக்டிகட்ல லாம்பர்ட் ஹிட்ச்காக்னு ஒருத்தரு 1820கள்ல இருந்து இந்த மாதிரி நாற்காலிய ஆலை வெச்சுப் பண்ணினவரு, தன் பேரு, ஊரு, 'உத்தரவாதம்'னு அங்கதான் அடிப்பாரு. பேரு இருந்தாலும் உடனே துள்ளாதீங்க, 1946ல அதே பேருல திரும்ப ஆலை ஆரம்பிச்சு புதுசு பண்ணினாங்க. கால் வெக்கற முன் கம்பி நடுவுல தேய்ஞ்சிருக்கா, பெயிண்ட்ல விழுந்த வெடிப்பு அந்த மூஞ்சிக்குள்ளயும் ஓடுதா, இத ரெண்டையும் பாருங்க. மூஞ்சி மட்டும் வழுவழுன்னு இருந்தா பின்னால வரைஞ்சதுன்னு சந்தேகப்படலாம்.

போற பக்கம் எல்லாம் தலைவர் படம் நம்மூர்லதான்னு நெனச்சேன், அங்கயுமா? அதுவும் முதுகு சாயற எடத்துலயா?
– வாசகர், தாராபுரம்

நம்ம கல்யாண பிளெக்ஸுக்கு அவங்க கொஞ்சமும் சளைச்சவங்க இல்லீங்க. 1824-25ல வாஷிங்டனோட சேந்து சுதந்திரப் போர்ல சண்டை போட்ட தளபதி லஃபாயெட் பிரான்ஸ்ல இருந்து வந்து அப்ப இருந்த 24 மாநிலமும் சுத்தினாரு, அவரு மூஞ்சி தட்டு, ரிப்பன், பொம்பளைங்க கையுறைன்னு ஒண்ணையும் விடல. 1840 எலக்‌ஷன்ல ஜனாதிபதி பதவிக்கு நின்ன ஹாரிசனுக்கு மரக்குடிசையும் சைடர்ங்கற ஆப்பிள் மது பீப்பாயும் சின்னமாவே ஆயிருச்சு. முதுகு சாயற விஷயம் என்னன்னா, அந்தக் காலத்துல வேலை இல்லாதப்ப நாற்காலிய எல்லாம் செவுத்தோரமா வரிசையா போட்டுருவாங்க, உள்ள வர்றவன் கண்ணுக்கு மொதல்ல தெரியறது அந்த மேல் பலகைதான்.