டெஸ்டர் எரிகிறது, மிக்ஸி ஓடவில்லை!

கேள்வி: சமையலறை பிளக் பாயின்ட்டில் திடீரென்று மிக்ஸி ஓடவில்லை. ஹாலில் போட்டால் நன்றாக ஓடுகிறது. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரிகிறது. கரண்ட் வந்தும் ஏன் வேலை செய்யவில்லை?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டெஸ்டர் எரிந்தால் பேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் வயர், வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கரண்ட் நியூட்ரல் என்ற இன்னொரு வயர் வழியே திரும்பிப் போனால்தான் மிக்ஸி ஓடும். உங்கள் வீட்டில் பெரும்பாலும் நியூட்ரல்தான் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நான் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

பிளக் பாயின்ட்டை நேராக நின்று பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். ஏதாவது ஒரு பொருளைச் செருகி ஸ்விட்சைப் போட்ட பிறகு, அதே போர்டில் உள்ள வேறொரு பாயின்ட்டின் இடது துளையிலும் டெஸ்டர் எரிந்தால் நியூட்ரல் கட் என்று முடிவு செய்துவிடுவோம். பேஸ் அந்தப் பொருளுக்குள் புகுந்து வந்து, திரும்ப வழியில்லாமல் நியூட்ரல் வயரில் நிற்கிறது. அந்த வயரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். அதனால் மிக்ஸி ஓடவில்லையே என்று போர்டைத் திறந்து கை வைக்காதீர்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயினை ஆஃப் செய்வதற்கு முன், பக்கத்துப் போர்டுகளும் வேலை செய்யவில்லையா என்று மட்டும் பார்த்து வையுங்கள். நியூட்ரலை ஒரு போர்டிலிருந்து அடுத்ததற்கு லூப் அடித்துக் கொண்டுபோவது வழக்கம். எதிலிருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அந்த பாயின்ட்டில் கெட்டில் போடுகிறீர்களா? 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். சின்ன பாயின்ட் தாங்குவதோ 6 ஆம்பியர். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே ஸ்க்ரூ தளர்ந்துவிடும். கழற்றிப் பார்த்தால் நியூட்ரலான கருப்பு வயரின் உறை உருகி, செம்பு கருத்து, ஸ்க்ரூவைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும். சில போர்டுகளில் அழுகிய மீன் வாடைகூட அடிக்கும். கருகிய நுனியை அப்படியே மறுபடி முறுக்கவிடாதீர்கள். நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, பாயின்ட்டையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். கெட்டிலுக்கும் இண்டக்ஷன் அடுப்புக்கும் 16 ஆம்பியர் பாயின்ட், அதற்குத் தகுந்த வயரோடு, தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நியூட்ரலைத் தேட நேரமில்லை என்று, எர்த் வயரை நியூட்ரலாகக் கொடுத்து மிக்ஸியை ஓடவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் பொருட்களின் உடம்போடும் இணைந்திருக்கும் அந்த எர்த் எங்காவது விட்டுப்போனால் பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங்மெஷின் என எல்லாவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறிவிடும். ஈரக்கையோடு பிரிட்ஜைத் திறக்கும் வீட்டில் இது உயிர்போகிற விஷயம். கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் இந்தத் தில்லுமுல்லை ஏற்காமல் ட்ரிப் ஆகிவிடும். 'அடிக்கடி ட்ரிப் ஆகிறது' என்று அதைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: ஸ்விட்சை ஆஃப் செய்தாலும் பிளக் பாயின்ட்டில் டெஸ்டர் பளிச்சென்று எரிகிறதே?
– ஒரு வாசகர், தேனி

பதில்: வயரிங் செய்தவர் ஸ்விட்சை பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கலாம். ஆஃப் செய்தாலும் பாயின்ட்டில் முழு கரண்ட் நிற்கும். உடனே மாற்றச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். மங்கலாக மினுக்கினால் பக்கத்து வயரிலிருந்து வரும் தூண்டலாக இருக்கலாம். அதையும் வருகிறவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.