மலேரியா புராஜெக்ட் எடுத்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி கடைசி வருடத்தில் மகள் மலேரியாவில் ஒரு புராஜெக்ட் எடுத்துவிட்டாளே, பேசாமல் ஐடி பக்கம் திருப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அவள் செய்வது இதுதான். விரலில் குத்தி எடுத்து ஃபில்டர் பேப்பரில் காயவைத்த ஒரு சொட்டு ரத்தம். அதில் மலேரியா கிருமி ரொம்பக் குறைவாக இருந்தால் மைக்ரோஸ்கோப்பில் சிக்காது, பிசிஆர் போட வேண்டும், அதாவது கிருமியின் ஒரு மரபணுத் துண்டைப் பல மடங்கு நகலெடுத்துப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை. போடலாம், ஆனால் கிருமியின் எந்த மரபணுத் துண்டைத் தேடுவது? 1990-களிலிருந்து எல்லோரும் தேடுவது 18எஸ் என்ற மரபணு. ஒரு கிருமிக்குள் அது பத்து நகல்கூட இருக்காது. குரோமோசோம் நுனியில் இருக்கும் டேர்-2 என்ற துண்டோ சுமார் 250 நகல். அப்படியானால் டேர்-2தானே சுலபமாக மாட்டும்? மாட்டும், ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியாவாக இருந்தால். சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் என்ற வேறு வகை, அதற்கு டேர்-2 உதவாது. தவிர, இவ்வளவு நுணுக்கமான சோதனையில் திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டின் நுனியில் ஒட்டிய வேறு சாம்பிளின் துளி பட்டாலே, வெறும் தண்ணீர் வைத்த டியூப்பும் பாசிட்டிவ் என்று காட்டிவிடும்.

இதை யோசித்துச் செய்யத் தெரிந்த பெண்ணுக்கு மலேரியா மட்டும் கதியில்லை. கோவிட், காசநோய் எல்லாவற்றுக்கும் இதே பிசிஆர் குடும்பம்தான், அதனால் டயக்னாஸ்டிக் லேப், கிட் தயாரிக்கும் கம்பெனி என்று வாசல்கள் உண்டு. ஆரம்பச் சம்பளம் ஐடி அளவுக்கு வராது, அதை மறைக்க மாட்டேன். ஐசிஎம்ஆர் என்ற மத்திய அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் நிறுவனங்களில் புராஜெக்ட் வேலைகள் வரும், ஆனால் அவை ஒப்பந்த வேலைகள். ஆராய்ச்சிதான் என்றால் சிஎஸ்ஐஆர் நெட், கேட் (GATE) என்ற இரண்டு தேசியத் தேர்வுகளுக்கும் இப்போதே உட்காரட்டும்.

அப்புறம், அவளிடம் ஒன்று கேளுங்கள்: பிசிஆரை நீயே கையால் போடுகிறாயா, இல்லை வெளியே பணம் கட்டி ரிசல்ட் வாங்குகிறாயா? இரண்டாவது என்றால் நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான், நான் பார்த்த பல பிள்ளைகள் இன்டர்வியூவில் திணறியது அங்கேதான். முதலாவது என்றால், பிசிஆர் ரிசல்ட்டைக் காட்டும் ஜெல் போட்டோக்களில் சொதப்பியவற்றைக்கூட அவள் தூக்கிப் போடாமல் நோட்டில் ஒட்டி, ஏன் சொதப்பியது என்று பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். இன்டர்வியூவுக்கு அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.