காரைக்குடியிலிருந்து 300 படி காலாண்டிதழை இன்றும் அச்சில் நடத்த முடியுமா?

முடியும், ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்கினால். கடையில் விற்பனைக்குப் போட்டால் கடைக்காரர் கழிவு போக மீதிப் பணம் அடுத்த இதழ் அச்சேறிய பிறகுதான் கைக்கு வரும். பல சிற்றிதழ்கள் அந்த இடைவெளியில்தான் நின்றுபோகின்றன.

300 படிக்கு ஆஃப்செட் அச்சு வேண்டாம், அதற்குச் செய்யும் அச்சுத் தகட்டின் (பிளேட்) செலவு படிவிலையில் ஏறிவிடும். டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படியாகும். ஏ5 அளவு, 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாள், 64 பக்கம் என்றால் உள்தாள் எடை சுமார் 70 கிராம். அட்டையும் உறையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தபிறகே அஞ்சல் செலவைச் சந்தாவில் சேருங்கள்.

நடுவில் பின் அடிக்கும் இதழுக்குப் பக்கங்கள் 4-இன் மடங்கில் இருக்க வேண்டும். மடிக்கும்போது உள்தாள்கள் வெளியே பிதுங்கும், ஓரம் வெட்டுகையில் நடுப்பக்க எழுத்து அடிபடும். வெளி ஓரத்தில் 15 மி.மீ. விடுங்கள். யூனிகோடிலிருந்து வேறு எழுத்துருவுக்கு மாற்றிய கோப்பில் 'கொ', 'கோ' கொம்புகள் இடம் மாறும். அதனால் தாளில் எடுத்த மெய்ப்பைத்தான் (பிழை பார்க்கும் படி) திருத்த வேண்டும், திரையில் கண் தப்பிவிடும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்ததால்தான் எத்தனையோ பழைய இதழ்கள் இன்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு இதழிலும் 5 படி நூலகங்களுக்கென்று முதலிலேயே எடுத்து வையுங்கள்.