மாலபேயா, ஹோமாகமவா? மலையகப் பிள்ளைகளின் கேள்விகளும் என் பதில்களும்

கொழும்பில் ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனத்தின் பதிவுப் பிரிவில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது கொட்டகலையில் இருக்கிறேன். உயர்தரப் பெறுபேறு வந்ததிலிருந்து பிள்ளைகளும் பெற்றோரும் கேள்விகள் அனுப்புகிறார்கள். மாலபேயில் உள்ள எஸ்.எல்.ஐ.ஐ.டி., ஹோமாகமவில் உள்ள என்.எஸ்.பி.எம். என்ற, கட்டணம் கட்டிப் பட்டம் படிக்கும் இரண்டு நிறுவனங்களைப் பற்றியே பலரும் கேட்கிறார்கள். பலருக்கும் பொதுவான கேள்விகளை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஹட்டன், மாணவி: அக்கா, மென்பொருள் பொறியியல் படிக்க மாலபே எஸ்.எல்.ஐ.ஐ.டி.யிலும் ஹோமாகம என்.எஸ்.பி.எம்.மிலும் இடம் கிடைத்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் இரண்டும் ஒன்று போலவே தெரிகின்றன. எதை எடுப்பது?

தங்கச்சி, உங்கள் குழப்பத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊர், பாடநெறியின் பெயரும் ஒன்று. எஸ்.எல்.ஐ.ஐ.டி. 1999இல் கணினிக் கல்விக்காகவே தொடங்கப்பட்டுப் பிறகு பொறியியல், வணிகம் என்று விரிந்தது. என்.எஸ்.பி.எம். தேசிய வணிக முகாமைத்துவ நிறுவகத்திலிருந்து கிளைத்தது. ஹோமாகமப் பிட்டிபனையில் இருக்கும் அதன் பசுமை வளாகம் 2016இல் திறக்கப்பட்டது.

ஆனால் வளாகத்தை ஒப்பிடுவதற்கு முன் சான்றிதழை ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் அந்த நிறுவனமே வழங்கும் பட்டமும் இருக்கிறது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வழங்கும் பட்டமும் இருக்கிறது. ஒரே கட்டடத்தில், ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு வகைச் சான்றிதழ். உங்கள் அனுமதிக் கடிதத்தில் 'பட்டம் வழங்கும் நிறுவனம்' எது என்று விரலை வைத்துத் தேடுங்கள். உள்நாட்டுப் பட்டம் என்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அதற்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியாக வழங்கப்படுகிறது. நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருப்பதால் அங்கே நடக்கும் எல்லாப் பாடநெறிக்கும் அங்கீகாரம் உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பட்டத்தின் முழுப் பெயரையும் சொல்லுக்குச் சொல் ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது காலம். சான்றிதழ்களை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் 90 கிரெடிட் (படிப்பின் அளவைக் காட்டும் அலகு), 5ஆம் மட்டம். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட், 6ஆம் மட்டம். ஒன்று மூன்று வருடமும் மற்றது நான்கு வருடமுமாக இருந்தால் கட்டணம் ஒரே அளவாகத் தெரிந்தாலும் அவை ஒன்றல்ல.

இவை எல்லாம் சமமாக இருந்தால் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பீர்கள். நிரலாக்கத்திலேயே ஊறிப்போக விரும்பும் பிள்ளைக்கு மாலபே என்பேன். கணினியோடு வணிகமும் கலந்து படிக்க விரும்பினால் ஹோமாகம. இந்தச் சாய்வு சிறியது. வீட்டுச் செலவுக் கணக்கு வேறு பக்கம் காட்டினால் கணக்கின் பக்கமே போங்கள்.

நோர்வூட், தந்தை: மிஸ், மகனுக்கு இரண்டு இடத்திலும் இடம் இருக்கிறது. நான் தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்கிறேன். அடுத்த வருடம் ஐம்பத்தைந்து வயது. சேமலாப நிதியும் பணிக்கொடையும் வரும். அதை வைத்துக் கட்டிவிடலாம்தானே?

ஐயா, உங்கள் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

பணிக்கொடையைக் கணக்குப் பார்ப்போம். நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்பது சட்டம். முப்பது வருடத்துக்கு 420 நாள். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 5,67,000 ரூபா. சேமலாப நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பதை உங்கள் கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள், வாய்க்கணக்கில் போகாதீர்கள். பிறகு மகனின் படிப்புச் செலவை எழுதுங்கள். பாடநெறிக் கட்டணத்தோடு நிறுத்த வேண்டாம். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், மீள்பரீட்சைக் கட்டணம், மடிகணினி, போர்டிங், சாப்பாடு, ஊருக்கு வந்து போகும் பஸ் காசு, பட்டமளிப்பு விழாக் கட்டணம் வரை எழுதுங்கள்.

என்னிடம் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். மூன்றாம் வருடம் நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கோப்பு ஒன்றில் எல்லாப் பற்றுச்சீட்டையும் திகதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். நடுவில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த சீட்டு. அடுத்த தவணை கட்ட வழியில்லை என்று சொல்லி, ஒரு செமஸ்டரை ஒத்திவைக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று எழுதிக் கொடுத்தோம். அவள் திரும்பி வரவில்லை. அவள் கெட்டிக்காரி, எல்லாப் பாடத்திலும் சித்தி. பணத்துக்கு மட்டும்தான் வழியில்லாமல் போனது. அந்தக் கோப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'என் மகனால் பாதியில் தொடர முடியாமல் போனால், அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் தருவீர்களா?' தகைமைகள் சட்டகத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 30 கிரெடிட் முடித்தால் டிப்ளோமா, 60 முடித்தால் உயர் டிப்ளோமா. உங்கள் பாடநெறியில் அந்த வெளியேறும் படிகள் இருக்கின்றனவா என்று எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தருகிற இடத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

இன்னொன்று, அரசாங்கத்தின் வட்டியில்லாக் கல்விக் கடன். உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத பிள்ளைகளுக்கானது. வட்டியை அரசாங்கம் செலுத்தும், வாங்கிய கடன் தொகையைப் பிள்ளை படித்து முடித்தபின் கட்ட வேண்டும். எந்த நிறுவனம், எந்தப் பட்டம் என்று உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு பட்டியல் வெளியிடும். மகனின் பட்டம் அந்தப் பட்டியலில் இருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். உங்கள் ஓய்வுப் பணத்தை முழுவதுமாக இறக்காதீர்கள் ஐயா. உங்களுக்கும் அம்மாவுக்கும் இனி மருந்துச் செலவும் இருக்கிறது.

பண்டாரவளை, மாணவன்: ஊரிலிருந்து போய் வர எது வசதி?

பதுளைப் பக்கத்திலிருந்து பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக வரும் கொழும்பு பஸ்ஸும், ஹட்டனிலிருந்து கித்துல்கல வழியாக வரும் பஸ்ஸும் அவிசாவளையைத் தொடும். அங்கிருந்து பாதை இரண்டு. ஹை லெவல் ரோட்டில் போகும் பஸ் ஹோமாகமவைக் கடந்தே போகும். லோ லெவல் ரோட்டில் போனால் கடுவெலயில் இறங்கி 177 பஸ்ஸில் மாலபே. ஏறும்போதே எந்தப் பாதை என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் மருதானையில் களனிவெளிப் பாதை ரயிலுக்கு மாறி ஹோமாகமவில் இறங்கலாம். மாலபேக்கு ரயில் கிடையாது.

தலவாக்கலை, தாய்: மகளைத் தனியாக விடப் பயமாக இருக்கிறது. போர்டிங் எங்கே நல்லது?

அம்மா, ஊரைப் பார்த்துச் சொல்ல முடியாது, வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முற்பணம் கொடுக்கும் முன் இருட்டிய பிறகு ஒரு தடவை, பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த வீடு வரை மகளோடு நடந்து பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, நாய்த்தொல்லை உண்டா என்பதெல்லாம் அந்த நடையில் தெரிந்துவிடும். மாலை வகுப்பு முடிந்து அவள் தினமும் நடக்கப் போகும் வழி அது.

மாத்தளை, மாணவி: உயர்தரம் தமிழில் படித்தேன். விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். சமாளிப்பேனா?

சமாளிப்பீர்கள், ஆனால் முதல் செமஸ்டர் கசக்கும். தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் பாடம் விளங்காமல் விழுவதை நான் அதிகம் கண்டதில்லை. விளங்காததைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் விழுகிறார்கள். இரண்டு இடத்திலும் திறந்த நாளன்று போய், முதலாம் வருட விரிவுரை ஒன்றில் உட்கார அனுமதி கேளுங்கள். ஆங்கில உதவி வகுப்பு உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்றும் விசாரியுங்கள். கையில் இருக்கும் இந்த மாதங்களில் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து, விளங்கியதை ஆங்கிலத்திலேயே நாலு வரி எழுதிப் பழகுங்கள்.

கம்பளை, மாணவன்: பிரித்தானியப் பட்டத்துக்கு வெளியே மதிப்பு அதிகம் என்கிறார்கள். உள்நாட்டுப் பட்டத்தைவிட அதுதானே நல்லது?

வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கப் போகிறவருக்கு உதவலாம். ஆனால் கட்டணத்தில் ஒரு பகுதி பவுணிலோ டொலரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது. படிப்பின் நடுவில் இருந்த குடும்பங்கள் அன்று பட்ட பாட்டை நான் அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். ரூபாவில் சம்பளம் வாங்கும் வீடு, ரூபாவில் முழுக் கட்டணத்தையும் எழுதித் தரும் பட்டத்தை எடுப்பதே பாதுகாப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

கண்டி, மாணவன்: எஸ்.எல்.ஐ.ஐ.டி.க்குக் கண்டியிலேயே கிளை இருக்கும்போது ஏன் கொழும்புப் பக்கம் போக வேண்டும்?

போகத் தேவையில்லாமல் இருக்கலாம். போர்டிங் காசு மிச்சம். நான்கு வருடமும் கண்டியிலேயே முடிக்கலாமா, கடைசி வருடத்துக்கு மாலபேக்கு வரச் சொல்வார்களா, கண்டியில் முழுநேர விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் கண்டியே போதும்.

பதுளை, மாணவன்: பொறியியலா, மருத்துவமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தனியாரில் இரண்டையும் படிக்கலாமா?

தம்பி, இந்த இரண்டிலும் பட்டத்துக்கு மேல் இன்னொரு கதவு இருக்கிறது. பொறியியலுக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் தரச்சான்று அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு உண்டா என்று பாருங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பினரானது. அந்தச் சான்று இருந்தால் பிற உறுப்பு நாடுகளிலும் பேச்சு எடுபடும். மருத்துவத்துக்கு இலங்கை மருத்துவ சபையின் ஏற்பு இல்லாவிட்டால் பட்டச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் முடியும். மாலபேயில் இருந்த தனியார் மருத்துவக் கல்லூரி இந்த ஏற்புச் சிக்கலிலேயே 2017இல் முடிவுக்கு வந்தது. அதன் மாணவர்கள் பிறகு கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் இழந்த வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை.

நுவரெலியா, மாணவி: அரச பல்கலைக்கழகத் தெரிவுக்கான என் இசட் புள்ளி எல்லையில் நிற்கிறது. இப்போதே தனியாரில் பணம் கட்டவா, காத்திருக்கவா?

காத்திருங்கள். நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. அரச பல்கலைக்கழக இடங்களில் மாவட்ட ஒதுக்கீட்டோடு, அந்தப் பட்டியல் மாவட்டங்களுக்கென்று 5 வீதமும் உண்டு. வெட்டுப்புள்ளி வந்த பிறகு வெற்றிடம் நிரப்பும் சுற்றும் நடக்கும். திறந்த பல்கலைக்கழகத்துக்கு ஹட்டனிலும் பதுளையிலும் கற்கை நிலையங்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம். 'இன்று மாலைக்குள் கட்டினால் கட்டணக் கழிவு' என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினால், கட்டிய பணத்தை எந்தத் திகதி வரை மீளத் தருவீர்கள் என்று கேளுங்கள்.

பொகவந்தலாவை, மாணவியின் அண்ணன்: தங்கச்சிக்காக ஓர் இடத்தில் பதிவுப் பணம் கட்டிவிட்டோம். இப்போது மற்ற இடம்தான் நல்லது என்று தோன்றுகிறது. பணம் போனால் போகட்டும் என்று விடுவதா?

அவசரப்படாதீர்கள் தம்பி. ஏன் மற்றது நல்லது என்று தோன்றுகிறது என்பதைத் தங்கச்சியிடமே கேளுங்கள். தோழிகள் அங்கே போகிறார்கள் என்பது காரணமானால் இருக்கும் இடத்திலேயே படிக்கட்டும். அங்கீகாரமோ கட்டணமோ காரணமானால், வகுப்பு தொடங்கும் முன்பே பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, பணத்தை மீளக் கேட்டுப் பதிவாளருக்குக் கடிதம் எழுதுங்கள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பதிவுத் தபாலிலும் போடுங்கள். கடிதத்தின் வரைவை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.