எங்கள் ஊர் டாக்டர் முறையாகப் படித்தவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர்டில் பெயருக்குப் பின்னால் நாலைந்து பட்டங்கள் இருக்கின்றன, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். போர்டை விடுங்கள், மருந்துச் சீட்டைப் பாருங்கள். அதில் பதிவு எண் இருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்த எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் இணையத்திலேயே தேடலாம்.

எம்.பி.பி.எஸ். என்பது நாலரை ஆண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டுப் பயிற்சி. சளி, காய்ச்சல், சர்க்கரை, பிரஷருக்கு முதலில் பார்க்க அவரே போதும். குடும்ப மருத்துவத்துக்கென்றே 3 ஆண்டு டி.என்.பி. மேற்படிப்பும் உண்டு, சின்ன ஊர்களில் அபூர்வம்.

பி.எஸ்.எம்.எஸ். என்றிருந்தால் சித்த மருத்துவர். அவருடைய பதிவு வேறு கவுன்சிலில் இருக்கும். ஆணையத்தின் பதிவேட்டில் பெயர் இல்லையே என்று போலி முத்திரை குத்திவிடாதீர்கள். வாசலில் கூட்டம் அலைமோதுவதை மட்டும் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; போலிகளிடமும் கூட்டம் உண்டு.